குடிக்காதவருக்கும் ஈரல் உண்டு

நெல்லைச் சீமையின் மருத்துவர்களுக்கும் மருந்துக்கடை அண்ணாச்சிமாருக்கும்,

வணக்கம். தூக்க மாத்திரை எழுதும் முன், எடுத்துக் கொடுக்கும் முன், ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு நெடுங்காலச் சர்க்கரை. அதில் வந்த கொழுப்பு ஈரல், கல்லீரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விட்டது. போன மாசம் பகலெல்லாம் தூங்கி வழிந்தார், ராத்திரி கொட்டக் கொட்ட முழித்திருந்தார். ஆஸ்பத்திரியில், "குடிப்பாரா?" என்றார்கள். "தொட்டதே இல்லை" என்றாள் அம்மா. ஈரல் விசாரணை அதோடு முடிந்தது. ஸ்கேன் ரிப்போர்ட் அவள் மடியில் மஞ்சப்பைக்குள்ளேயே இருந்தது. டயஸிபாம் என்ற தூக்க மாத்திரை எழுதினார்கள்.

இரண்டு ராத்திரி, இரண்டு மாத்திரை. மூன்றாம் நாள் எழுப்ப எழுப்பக் கண் திறக்கவில்லை. பீடிச் சொளவைத் தள்ளி வைத்துவிட்டு, பீடி கட்டுகிற நூலை அவர் மூக்குக்கு நேரே பிடித்து, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள் அம்மா.

பெரிய ஆஸ்பத்திரியில், "என்ன மாத்திரை?" என்றார்கள். நறுக்கித் தந்த அட்டையில் மாத்திரை மட்டும் இருந்தது. பேர் கடையிலேயே தங்கிவிட்டது.

அந்தத் தலைகீழ்த் தூக்கமே ஈரல் கெட்டதன் அறிகுறி என்று அங்கேதான் தெரிந்தது. ஈரல் கழிக்காத அம்மோனியா என்ற நச்சு மூளைக்கு ஏறுமாம். அதற்கு லாக்டுலோஸ் கொடுத்து வயிறு கழிய வைக்கணும். நாங்களோ தூங்க வைத்தோம். டயஸிபாமைப் பிரிப்பதும் அதே ஈரல்தான். நல்ல ஈரலிலேயே உடம்பில் அந்த மருந்து பாதியாகக் குறைய 20 முதல் 50 மணி நேரம். சுருங்கிய ஈரலில் இரண்டு மடங்குக்கும் மேல். பிரிந்து வருகிற பொருளும் சும்மா இராது. அதுவும் உறக்கம் தரும், இன்னும் நாள்பட உடம்பில் கிடக்கும். அதே வகை மாத்திரையான லோரசிபாம் அப்படி மிச்சம் வைக்காது. ஆனால் ஈரல் கெட்டவர்களுக்கு அதையும் யோசித்துத்தான் கொடுக்கணும். இதெல்லாம் நீங்கள் படித்தது. பீடி சுற்றுகிறவள் மகன் உங்களுக்குப் பாடம் எடுக்கக் கூடாது.

அண்ணாச்சிமாரே, 2014 மார்ச் முதல் டயஸிபாம், டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 பட்டியலில் இருக்கிறது. எழுதிய டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை கொடுத்தோம் என்று குறித்து 3 வருசம் வைத்திருக்கணும். எங்களிடம் கேட்டது சில்லறை இருக்கா என்பது மட்டும்தான்.

அப்பா முழித்துக்கொண்டார். வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "குடிப்பாரா?" என்பதோடு நிறுத்தாமல், "ஈரலில் கோளாறு உண்டா?" என்றும் தயவுசெய்து கேளுங்கள். மஞ்சப்பையைத் திறக்கச் சொல்லுங்கள். அட்டையை நறுக்கும்போது, மருந்தின் பேர் எங்கள் பக்கம் வரட்டும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பீடித் தொழிலாளியின் மகன்