இரைப்பைச் சத்திரசிகிச்சை: வீடு திரும்பிய பின்

ஆசிரியருக்கு,

உடற்பருமனுக்கு இரைப்பையைச் சுருக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பலர் விசாரிக்கிறார்கள். ஒப்பரேஷனோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்புவதுதான் எங்களுக்குக் கவலை.

இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்தபின் மிஞ்சுவது வாழைப்பழமளவு குழாய். முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு. அவசரப்பட்டுப் புட்டோ சோறோ உண்டால் அடைத்து வாந்திதான். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஆகவே முள் நீக்கி மசித்த மீன், முட்டை, தயிர் முதலில், சோறு கடைசியில். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே தண்ணீர், அதுவும் மிடறு மிடறாக.

வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் விற்றமின் பி1 வற்றி நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் பி1 ஊசி போட வேண்டும். இது பலமுறை தவறிப்போகிறது. காய்ச்சல், 120ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, இடது தோள் வலி என்பன தையல் கசிவின், அதாவது இரைப்பையைத் தைத்த இடம் விட்டு உள்ளே கசிவதன், அறிகுறிகளாகலாம். விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து ஊர் திரும்புவோர் டயக்னோசிஸ் கார்டை (ஆஸ்பத்திரியில் தரும் சிகிச்சை விவர அட்டையை) எப்போதும் கையில் வைத்திருங்கள். பி12, இரும்புச்சத்து, விற்றமின் டி மாத்திரைகளை ஆயுள்வரை நிறுத்த வேண்டாம்.

போசணைப் பணியாளர்கள்,
மட்டக்களப்பு