மகளுக்கு ஒரு கடிதம்: கடலடிக் குழாயும் சராசரி ஆழமும்

கடலூர் முதுநகர்

அன்புள்ள தேன்மொழிக்கு,

இங்கு அம்மாவும் நானும் நலம். உன் கடிதம் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்குப் போன சில மாதங்களிலேயே வட கடல் எண்ணெய்க் குழாய் ஒன்றின் புதைவு அறிக்கையை உன்னிடம் ஒப்படைத்திருப்பது மகிழ்ச்சி. முதல் பக்கத்தில் சராசரிப் புதைவு ஆழத்தை மட்டும் போட்டால் போதும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்வதாகவும், உனக்கு அதில் மனம் ஒப்பவில்லை என்றும் எழுதியிருந்தாய். உன் தயக்கத்தை விட்டுவிடாதே. துறைமுக அளவைப் பணியிலேயே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தோன்றும் காரணங்களை எழுதுகிறேன்.

கெடிலமும் பரவனாறும் கடலில் சேரும் நம் முகத்துவாரத்தில் ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்ப்போம். குண்டின் அடியிலுள்ள சிறு குழியில் கொழுப்பைப் பூசி இறக்கி, மேலே இழுத்ததும் அதில் ஒட்டி வந்தது பருமணலா, பொடிமணலா, கரிய சேறா என்று விரலால் தேய்த்துப் பார்த்து, ஆழத்துக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்வோம். வாடைக் காலம் முடிந்து அதே இடத்தில் குண்டு விட்டால் ஆழமும் மாறியிருக்கும், மண்ணும் மாறியிருக்கும். நம் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி வடக்கே நகர்ந்து, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டி அந்த ஓட்டத்தை மறித்த பின், வடக்கே இருந்த நகரக் கடற்கரை மணலின்றி அரித்துப் போனதை நீ அறிவாய்.

வட கடலின் தென்பகுதியில் இந்த நகர்வு வேறு வகையானது. அங்கே பல மீட்டர் உயரமுள்ள மணல் அலைகள், முகட்டுக்கு முகடு நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளியுடன், ஆண்டுக்குச் சில மீட்டர் வரை இடம்பெயர்கின்றன. முகட்டின் அடியில் புதைத்த குழாயின் மேல் இன்று இரண்டு மீட்டர் மணல் இருக்கலாம். பள்ளம் நகர்ந்து அங்கே வந்து சேரும்போது அதே குழாய் வெளியே கிடக்கும். ஆகவே இன்றைய தரையிலிருந்து அளந்த ஆழத்தை நம்பாமல், குழாயின் ஆயுட்காலத்தில் அந்தத் தரை எவ்வளவு தாழக்கூடும் என்று கணித்து, அந்த மட்டத்திலிருந்து அளப்பதே முறை. குழாயை இறக்கும் முன்பே முகடுகளை வாரிக் கழிப்பதும் இதற்காகத்தான்.

எஃகுக் குழாய் மேடுபள்ளத்துக்கெல்லாம் வளைந்து கொடுக்காது. இரண்டு மேடுகளில் தங்கி நடுவே தொங்கும் இடத்தில், நீரோட்டம் குழாயைக் கடக்கும்போது மேலும் கீழும் மாறி மாறிச் சுழல்கள் பிரிந்து குழாயை அதிரவைக்கும். பற்றவைத்த இணைப்புகள் நாளடைவில் அதனால் களைத்து விரிசல் விடும். புதைத்தால் அந்தத் தொல்லை குறையும் என்பது உண்மைதான். ஆனால் குழாய்க்குப் பள்ளம் வெட்டக் கப்பல் இழுத்துச் செல்லும் கலப்பை, தன் நீளத்துக்குள் அடங்கும் மேடுகளைத்தான் சமன் செய்யும். அதைவிட நீண்ட மேடு வந்தால் தானும் ஏறி இறங்கும், அது வெட்டும் பள்ளத்தின் அடியும் அவ்வாறே ஏறி இறங்கும். நீரைப் பீய்ச்சி மணலைக் கரைக்கும் எந்திரமோ இறுகிய களிமண்ணில் திணறும். ஒரே தடத்தில் மணலும், களிமண்ணும், பனியாறுகள் விட்டுச்சென்ற பாறாங்கற்களும் மாறி மாறி வந்தால் சில இடங்களில் குழாய் மேலேறித்தான் நிற்கும். சராசரி மறைப்பது அந்த இடங்களைத்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது குழாயில் ஓடும் எண்ணெயின் வெப்பம். எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். 50 டிகிரி ஏறினால், தடையின்றிக் கிடக்கும் ஒரு கிலோமீட்டர்க் குழாய் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீண்டுவிடும். புதைந்த குழாய்க்கு நீள இடமில்லாததால் அவ்வளவும் அழுத்தமாக அதற்குள்ளேயே அடைபட்டு நிற்கிறது. சித்திரை வெயிலில் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியுமே, அதே இயல்புதான். இங்கே பக்கங்களைப் பள்ளத்தின் சுவர் பிடித்துக்கொள்வதால் குழாய் மேல்நோக்கிக் கிளம்புகிறது. கிளம்ப ஓரிரு சாண் உயரமுள்ள மேடு அடியில் இருந்தால் போதும். சமமான அடியில் ஒரு மீட்டர் மூடல், அதாவது மேலே கிடக்கும் மண், அடக்கி வைக்கும் குழாயை, மேட்டின் மேல் அதே ஒரு மீட்டர் அடக்காமல் போகலாம். அங்கேதான் கல்லைக் கொட்டிப் பாரம் ஏற்றுகிறார்கள். கற்குவியலின் சாய்வு செங்குத்தாக இருந்தால் இழுவலை மாட்டும் என்பதை, பாரில், அதாவது கடலடிப் பாறையில், மடிவலையைக் கிழித்துக்கொண்ட நம் தேவனாம்பட்டினத்து விசைப்படகுக்காரர் எவரும் உனக்குச் சொல்லுவார்.

நங்கூரத்தைப் பற்றியும் பொத்தாம் பொதுவாக எழுதாதே. 2023 அக்டோபரில் பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையிலான பால்டிக்கனெக்டர் எரிவாயுக் குழாயை உடைத்தது ஒரு கப்பல் இழுத்துச் சென்ற நங்கூரம். பெருங்கப்பலின் நங்கூரம் மென்மையான தரையில் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கும்.

ஆகவே முதல் பக்கத்தில், மூடல் மிகக் குறைந்த இடங்களையும் அடியில் மேடு தட்டிய இடங்களையும் கிலோமீட்டர்க் குறியுடன் வரிசைப்படுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே மண்ணின் வகையும் அங்கு எண்ணெயின் வெப்பமும் இருக்கட்டும். எண்ணெய்த் தளத்தை ஒட்டிய கிலோமீட்டர்களில்தான் எண்ணெய் மிகச் சூடாக இருக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்கு. சராசரியைக் கேட்பவர்களுக்குப் பின்னிணைப்பில் கொடுத்துவிடலாம். அலுவலகம் அனுமதித்தால் பள்ளத்தின் நீளவெட்டுப் படத்தை எனக்கும் அனுப்பு; செங்குத்து அளவை எத்தனை மடங்கு பெருக்கி வரைந்தீர்கள் என்பதை மறக்காமல் குறி.

அன்புடன்,
அப்பா