எங்கள் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

“அங்கே மெஷினைப் போடுவதே இல்லை, ஜெல் தடவித் தேய்த்துவிட்டுக் காசு வாங்குகிறார்கள், சத்தமும் இல்லை, சூடே தெரியவில்லை” என்று எங்களைப் பற்றி வாட்சாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதுதான் எங்கள் வருத்தம்.

அல்ட்ராசவுண்ட் என்பது காதுக்குக் கேட்காத ஒலி அலை. வலிக்கும் இறுக்கத்துக்கும் அதைப் போடுகிறோம், இது ஸ்கேன் இல்லை. மனிதக் காதுக்கு நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். நாங்கள் போடுவது 10 லட்சம் அல்லது 30 லட்சம். சத்தம் எப்படிக் கேட்கும்? 10 லட்சம் ஆழத்துத் தசைக்கு. 30 லட்சம் தோலுக்குக் கீழே ஓரிரு சென்டிமீட்டரில் இருக்கும் தசைநாருக்கு.

சூடு விஷயத்துக்கு வருவோம். நேற்றுப் பிசகிய கணுக்காலுக்குச் சூடு ஆகாது. அதற்கு அலையை விட்டுவிட்டுத் தருகிறோம். ஒரு பங்கு நேரம் அலை, நான்கு பங்கு ஓய்வு. அதில் சூடு தெரியாது, தெரியவும் கூடாது. நாள்பட்ட இறுக்கத்துக்குத்தான் தொடர் அலை. அப்போதும் இதமான வெதுவெதுப்பு போதும். சுருக்கென்று குத்தினால் எலும்பை ஒட்டிச் சூடு ஏறுகிறது என்று பொருள், உடனே சொல்லிவிடுங்கள். ஜெல்லும் தேய்ப்பதற்கு இல்லை. ஹெட்டுக்கும் (மெஷினில் தோல்மேல் வைக்கும் முனை) தோலுக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஹெட்டை ஓயாமல் நகர்த்துவது ஒரே இடத்தில் சூடு சேராமல் இருக்க.

இன்னும் சந்தேகமா? வந்து கேளுங்கள். ஹெட்டை நிமிர்த்திப் பிடித்து, மேலே நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மெஷினைப் போடுகிறோம். தண்ணீர் நடுங்கித் துள்ளும். அணைத்ததும் அடங்கிவிடும்.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலும் இடுப்பிலும், புற்றுக்கட்டி மேல், ரத்தம் உறைந்த காலில் போடவே மாட்டோம், யார் கோபித்துக்கொண்டாலும் சரி. அல்ட்ராசவுண்ட் மட்டும் போட்டு வலி தீர்ந்துவிடும் என்றும் நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் செய்தால்தான் பலன்.

கிள்ளானிலிருந்தும் பத்துமலையிலிருந்தும் கொமுட்டர் ரயில் ஏறி வருகிறீர்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததும் “நீங்க கவலைப்படாதீங்க தம்பி” என்று போன் போட்ட அக்காமார்களை மறக்கவே முடியாது. உங்கள் எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், ஜெல், சர்வீஸ் விலையெல்லாம் ஏறியதால் அடுத்த மாதம் முதல் ஒரு தடவைக்கு 10 வெள்ளி கூடும். சனிக்கிழமை மாலையில் கடை இல்லை.

அன்புடன்,
உரிமையாளர்