வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவன் நான். சுற்றுலாக் காலம் வந்துவிட்டால் பள்ளிக்கூட பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். பிள்ளைகள் அகழியைப் பார்க்கிறார்கள், ஜலகண்டேசுவரரைக் கும்பிடுகிறார்கள், மரத்தடியில் புளிசாதம் சாப்பிடுகிறார்கள். நடுவில் ஒரு நிமிடம், "1806-ல் இங்கேதான் சிப்பாய்கள் தொப்பிக்காகச் சண்டை போட்டார்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். கேட்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொப்பி உண்மைதான். தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் மதக்குறி வைக்காதே, கடுக்கனைக் கழற்று, தாடியை மழி என்றது கும்பெனி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தரவு. ஆனால் கதையை அங்கேயே நிறுத்தினால், ஏதோ உடுப்புத் தகராறு என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அந்த மே மாதமே தலைப்பாகையை மறுத்த 21 பேரைச் சென்னைக்கு இழுத்துப்போய் விசாரித்தார்கள். அவர்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஒரு இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். தொள்ளாயிரம்! பிள்ளைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டுவதற்குள் கூட்டம் அமைதியாகிவிடும்.

அப்புறம் ஜூலை 10. விடிவதற்கு முன்பே சிப்பாய்களின் துப்பாக்கிகள் வெடித்தன. கோட்டைத் தளபதி பான்கோர்ட் செத்தார், கோட்டை அரண்மனையில் காவலில் இருந்த திப்பு சுல்தான் குடும்பத்தின் புலிக்கொடி ஏறியது. எல்லாம் சில மணி நேரம்தான். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படையோடு பாய்ந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியை, உள்ளே மாட்டிக்கொண்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் மதில்மேல் தூக்கிவிட்டார்கள். பின்னால் வந்த பீரங்கி கதவைப் பிளந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாருமே சொல்வதில்லை. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, சுவரோரமாக நிற்க வைத்துச் சுட்டுத் தள்ளினார்கள். விசாரணை கிடையாது. விசாரணை என்று ஒன்று பின்னால் நடந்தபோது, ஆறு பேரைப் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடித்தார்கள். அந்தத் தலைப்பாகை உத்தரவைக் கும்பெனியே திரும்பப் பெற்றது. சென்னை கவர்னர் பெண்டிங்கையும் படைத்தலைவர் கிரேடாக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 வருஷம் முன்னால், இந்த மதிலுக்குள் நடந்தது இது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பஸ் ஏறும் முன் மக்கான் சந்திப்பு நினைவுத்தூண் பக்கம் பிள்ளைகளை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கிளர்ச்சியை முன்னின்று நடத்திய இந்தியப் படை அதிகாரிகள் இவர்கள்: சுபேதார்கள் ஷேக் ஆதம், ஷேக் ஹமீது. ஜமேதார்கள் ஷேக் உசேன், ஷேக் காசிம். இந்த நாலு பெயரையும் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லட்டும். அதற்காகச் சாப்பாட்டு நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் சரி.

அன்புடன்,
வேலூர்க்காரன் ஒருவன்