கரம் தீர்த்த ரசீது

நாகர்கோவில்,
27.10.2025

மக்கா,

உன் வீட்டுக்கரம் தீர்த்த ரசீது இந்தக் கவரில் இருக்கிறது. இரண்டாம் அரையாண்டுக்கு உள்ளது. 31ஆம் தேதிக்கு முன்னால் போய்விட்டதால் 5 சதவீதம் கழித்துக்கொண்டார்கள். மிச்சம் வந்த பணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கியாச்சு, அதில் பாதி இங்கேயே தீர்ந்தும் போச்சு. போனிலேயே கட்டலாமே என்று நீ சொல்வாய். கட்டலாம். ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கி, நாலாக மடித்து, சட்டைப்பையில் வைத்தால்தான் எனக்குக் கரம் தீர்ந்த மாதிரி இருக்கிறது. மெட்ராஸ் போன நாற்பது வருஷத்தில் நீ 'சொத்து வரி கட்டியாச்சா' என்று கேட்கப் பழகிவிட்டாய். நாங்கள் இன்னும் பழைய திருவிதாங்கூர்க்காரனாகக் கரம்தான் தீர்க்கிறோம்.

வீட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. குடியிருக்கும் டீச்சர் முற்றத்தை நன்றாக வைத்திருக்கிறார். கிணற்றடிப் பக்கம் ஓடு இரண்டு நழுவிக் கிடந்தது, மழை வலுக்கும் முன்னே ஆளை விட்டு மாற்றிவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பழையாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. கும்பப்பூ நெல் நடவுக்கு வயல் உழுதுகொண்டிருக்கிறார்கள், இருக்கிற கொஞ்ச வயலில். என் முட்டுவலி அப்படியேதான். படியேறும்போது மட்டும்தான் எனக்கு வயசு 65.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியன்று போனில் உன் மகன் கேட்டானே, "மாமா, இத்தனை வருஷம் ஆடிட்டர் ஆபீசில் இருந்தீங்க, நீங்களே சொல்லுங்க. கொஞ்சம் பேர்தான் வரி கட்டுறோம். எங்ககிட்டயே இன்னும் கேட்டா எப்படி? எல்லாருக்கும் ஒரே சதவீதம் வச்சா என்ன?" என்று. பின்னாலிருந்து நீயும் "அவன் சொல்றது நியாயம்தானலே" என்றாய். அதற்குள் சிக்னல் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் நான் போனில் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குக் கணக்கு காகிதத்தில்தான் வரும்.

பயலுக்குச் சம்பளம் வருஷம் 40 லட்சம் என்றாய். "30 சதவீதம் பிடிக்கிறான்" என்று அவன் சொல்கிறான். பிடிக்கவில்லை. புதிய வரி முறையில் சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள நிலைக் கழிவு 75,000 போக மிச்சம் 39.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு அவனுக்கு ஒரு பைசா வரி கிடையாது, நம்ம தெரு ஆட்டோக்காரருக்கு எப்படியோ அப்படியே. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, இப்படியே 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேலே உள்ள பணத்துக்கு மட்டும்தான் 30. கூட்டிப் பார்த்தேன். 7,57,500, அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரி 4 சதவீதம், ஆக 7,87,800. நாற்பதில் அது 20 சதவீதம்கூட இல்லை. கையில் மாசம் இரண்டரை லட்சத்துக்கு மேல் நிற்கிறது. நம்ம ஆபீசுக்கு வந்த படித்தவர்களில் பாதிப்பேர் இதே தப்பைத்தான் செய்வார்கள். சம்பளம் கொஞ்சம் கூடி அடுத்த படிக்குப் போனால் மொத்தப் பணத்துக்கும் அந்தச் சதவீதம் என்று பயந்து, இன்கிரிமென்ட் வேண்டாம் என்று சொன்ன ஒரு மகானையும் பார்த்திருக்கிறேன்.

இனி ஒரே சதவீதம் என்கிற நியாயம். நம்ம ஊரில் அதையும்விடச் சமமான வரி ஒன்று இருந்தது, தலைவரி. சதவீதம்கூட இல்லை, தலைக்கு இவ்வளவு. திருவிதாங்கூர் ராஜா காலத்தில் பனையேறுகிறவன் தலைக்கும் கட்டினான், ஏறுகிற தொழிலுக்கும் தனியாகக் கட்டினான். பெரிய பெரிய நிலத்துக்காரன் தலை அந்தக் கணக்கிலேயே வரவில்லை. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எழுந்து கேட்டதும் இந்த அநியாயத்தைத்தான். எங்க பாட்டா, அவருடைய பாட்டா சொன்னதாக ஒன்று சொல்வார்: கரம் பிரிக்க ஆள் வருகிறான் என்றால் ஆண்கள் விளைக்குள் போய் ஒளிந்துகொள்வார்களாம். கொடுக்க மனசில்லாமல் இல்லை, கொடுக்க ஒன்றும் இல்லாமல்.

தலைவரி போய்விட்டது என்று நினைக்காதே. போன வாரம் குலசேகரம் பக்கம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன், காலை ஒன்பது மணி இருக்கும். ரப்பர் பால் வெட்டுகிற ஒருத்தர் வந்தார். நெற்றியில் கட்டுகிற லைட்டைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், முழங்கைவரை பால் காய்ந்து தோல் உரிகிற மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. விரலால் அதைச் சுருட்டிச் சுருட்டி எடுத்துக்கொண்டே டீ குடித்தார். ஒரு குளியல் சோப்பு வாங்கினார், போனுக்கு ரீசார்ஜ் பண்ணச் சொன்னார். அந்த ரீசார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சோப்புக்கும் 2025 செப்டம்பர் 21 வரைக்கும் 18தான், 22ஆம் தேதியிலிருந்துதான் 5 ஆக்கியிருக்கிறார்கள். தோட்டத்து முதலாளி அதே சோப்பு வாங்கினாலும் அதே வரி. பைக்குப் போடுகிற பெட்ரோலில் உள்ள வரியும் அப்படித்தான். வருமான வரி ஆபீஸ் எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது. ஆனால் அவர் வரி கட்டாதவர் என்று உன் மகன் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பால் வெட்டுகிறவர் கையிலிருந்து ஆயிரம் ரூபாய் போனால் அந்த மாசம் பலசரக்குக் கடையில் பற்று எழுத வேண்டும். உன் மகனுக்கு அது ஒரு ராத்திரி ஓட்டல் சாப்பாடு. ஒரே சதவீதம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே வலி என்று அர்த்தம் இல்லை.

ஆகவே கூடுதல் சம்பாதிக்கிறவன் கூடுதல் கொடுக்கத்தான் வேண்டும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே சந்தேகம் என்றால், கொடுக்கிறானா என்பதில்தான்.

நாம் எட்டாம் வகுப்பு படித்த காலத்தில், 1973-74இல், வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜ் என்கிற மேல்வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். 2 லட்சத்துக்கு மேலே சம்பாதிக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இரண்டேகால் ரூபாய்தான் அவனுக்கு. கேட்டால் சோசலிசம். எவன் கட்டுவான்? இரண்டாம் நம்பர் கணக்கு நோட்டு என்று ஒரு தனி சாஸ்திரமே வளர்ந்தது. விகிதம் இப்படி இருந்தால் ஏய்க்கத்தான் செய்வான் என்று, கறுப்புப் பணத்தை ஆராய்ந்த வாஞ்சூ கமிட்டி 1971லேயே சொன்னது. பிறகு இறக்கி இறக்கி 1997இல் ப. சிதம்பரம் 30க்குக் கொண்டுவந்தார். நீ 'ஏற்றினால் ஒளிப்பான்' என்று சொல்வாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன். சரிதான், ஒளிப்பான். ஆனால் இறக்கின பிறகும் ஒளித்தானே, அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன்.

ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில் காற்றாலைக் காத்தாடிகளைப் பார்த்தால் நீ பஸ்ஸிலிருந்து படம் எடுத்து அனுப்புவாய். எனக்கு அதில் பாதி டிப்ரிசியேஷனாகத்தான் தெரியும். காற்றாலை வாங்கினால் அதன் விலையைத் தேய்மானமாக முதல் வருஷமே கழிக்கலாம் என்று சலுகை, முதலில் 100 சதவீதம், அப்புறம் 80. நல்ல லாபம் பார்க்கிற ஒருத்தர் 1 கோடிக்கு வாங்கினார் என்று வை. அந்த வருஷ லாபத்தில் 80 லட்சம் மாயம். 30 சதவீதத்தில் 24 லட்சம் வரி மிச்சம், காத்தாடி அவருடையது, கரண்டு விற்ற காசும் அவருக்கு. இதில் ஒரு வேடிக்கை. வருஷத்தில் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கழிவுதான். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் எப்படியாவது சுற்ற வைத்துவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கணவாயில் காற்று அடங்குகிற மாசம் அது. காற்றுக்காக யாரும் வரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி? அந்தச் சலுகை இல்லாவிட்டால் முப்பந்தல் இந்த அளவுக்கு வந்திருக்காது என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. 2012இல் நிறுத்தி, 2014இல் திரும்பக் கொடுத்து, 2017இலிருந்து 40 ஆக்கினார்கள். நான் சொல்வது, அந்த வாசல் மாசச் சம்பளக்காரனுக்குத் திறக்கவே இல்லை. அவனுக்குக் கையில் வருவதற்கு முன்பே சம்பளத்திலேயே டிடிஎஸ் என்று வரியைப் பிடித்தாகிவிட்டது.

இன்னொன்று. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஆபீசுக்குக் கணக்கு எழுத வருகிற ஒருத்தர், பெயர் வேண்டாம், கடையும் வட்டித் தொழிலும். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பும் இருந்தது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது என்பது உனக்குத் தெரியும், அது மாநிலப் பட்டியல், டெல்லி கை வைக்க முடியாது. ஒரு வருஷம் அவர் தோப்பு வருமானம் என்று 9 லட்சம் எழுதச் சொன்னார். நான் எழுதினேன், மக்கா. ராத்திரி வீட்டுக்கு வந்து சும்மா ஒரு பழைய கவரின் பின்னால் போட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு 70 மரம், 140 மரம். மரத்துக்கு நூறு காய் என்றே வைத்தாலும் 14,000. ஒரு தேங்காய் 64 ரூபாய்! அன்றைக்கு வடசேரி சந்தையில் தேங்காய் அஞ்சோ ஆறோ. என் தலையெழுத்து, மறுநாள் வீட்டுக்காரி சந்தையிலிருந்து வந்து 'தேங்காய் ஒரு ரூபாய் ஏறிப்போச்சு' என்று புலம்புகிறாள். அந்தத் தீபாவளிக்கு அவரிடமிருந்து எனக்கு ஒரு வேட்டி வந்தது. உடுத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் உன் மகன் கோபம் தப்பில்லை, திசைதான் தப்பு. அவன் பால் வெட்டுகிறவரைப் பார்த்து முறைக்கிறான். திரும்பி மேலே பார்க்கட்டும். அவனைப் போலவே 40 லட்சம் இன்னொருத்தனுக்குப் பழைய பங்குகளை விற்ற லாபமாக வருகிறது, வேறு வருமானம் இல்லை என்று வை. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு என்றால் 1.25 லட்சம் கழித்து 12.5 சதவீதம்தான். அவன் வரி 5 லட்சத்துக்குள் முடிந்துவிடும். கண் எரிய ஸ்கிரீனைப் பார்த்து உழைத்த உன் மகனுக்கு ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல். பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்பின்மேல் இருந்த செல்வ வரியை 2015இல் எடுத்தாகிவிட்டது, இறந்தவர் சொத்துக்கு இருந்த எஸ்டேட் டூட்டி 1985லேயே போய்விட்டது. வசூல் குறைவு, தொல்லை அதிகம் என்று காரணம் சொன்னார்கள், அதிலும் உண்மை உண்டு. ஆனாலும் சம்பளத்தின் உச்சப்படியை இன்னும் உயர்த்துவதற்கு முன்னால் இந்த இரண்டு 40 லட்சத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. விவசாயத்திலும் ஒரு அளவுக்கு மேலே போனால் கேட்கலாம். தேங்காய் 64 ரூபாய்க்கு விற்கிற தோப்புகளையாவது.

ரசீதைப் பார்த்தபோது இன்னொன்றும் தோன்றியது. 2022இல் வீட்டுக்கரம் ஏறினபோது நீ போனில் என்ன சத்தம் போட்டாய்! 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏற்றினார்கள். எனக்கு 50, உனக்கு 75. நானும்தான் புலம்பினேன். ஆனால் அடுத்த தெருவில் ஒற்றை அறை வீட்டில் இருக்கிற பூக்காரிக்கு நம்மைவிடக் கம்மியாக ஏறியது என்று தெரிந்தபோது, எனக்கு அது தப்பாகப் படவில்லை. உனக்கும் படவில்லை, ஒரு வாரத்தில் பணம் அனுப்பினாயே. வீட்டை ஒளித்துவைக்க முடியாது என்பதும் ஒரு காரணம்தான்.

போதும், கை வலிக்கிறது. பய டிசம்பரில் ஊருக்கு வந்தால் இங்கே அனுப்பு. மட்டிப்பழம் வாங்கி வைக்கிறேன், கணக்கை நேரிலேயே போட்டுக் காட்டுகிறேன். தேங்காய்க் கணக்கை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே.

உன் கூட்டுக்காரன்

பி.கு.: ஓடு மாற்றின கூலி 900 ரூபாய். அதற்கு ரசீது கிடையாது.