சத்துணவு அரிசி குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

சத்துணவில் 'பிளாஸ்டிக் அரிசி' கலக்கிறார்கள் என்று ஒரு வீடியோ நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பிள்ளைகள் சிலர் நிறம் மாறிய பருக்கை எது தென்பட்டாலும் பொறுக்கி ஓரம் வைக்கிறார்கள். எந்தக் கட்சியின் வேலை இது என்று ஆறாம் வகுப்பில் கைகலப்பே வந்துவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வசனமெல்லாம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அரிசி நமக்கு எப்போதுமே அரசியல்தான். பஞ்சம் நெருக்கிய 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கத்தோடு தி.மு.க. ஆட்சியைப் பிடித்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் அரிசியின் மேல் சந்தேகம் வருவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் விஷயம் என்னவென்று தெரிந்துகொண்டு சண்டை போடலாமே.

அந்தப் பருக்கைகள் அரிசி மாவில் செய்தவை; அவற்றைக் கலந்த அரிசியைத்தான் செறிவூட்டப்பட்ட அரிசி என்கிறார்கள். மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து உலர்த்துகிறார்கள். 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலப்பார்கள். ரேஷன் அரிசியிலும் இப்படியே கலந்து கொடுத்தார்கள். ஊறவைத்தால் சில மிதக்கும், நிறமும் சற்று மங்கலாக இருக்கும். வீடியோவில் சோற்றை உருட்டித் துள்ள வைக்கிறார்கள். குழைந்த சோறு எதுவானாலும் துள்ளும். பொறுக்கி எறிந்தால் போவது சத்து மட்டும்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை இருந்தது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி இரும்புச்சத்து கொடுக்கலாமா என்று மருத்துவர்களே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அப்படிக் கேட்பவரை அரசுக்கு விரோதி என்று முத்திரை குத்துவதும் அந்த வீடியோவைப் போலத்தான்.

பள்ளி வேலைநாளில் மதியம் யார் வேண்டுமானாலும் வந்து மூட்டையைப் பார்க்கலாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம். சமையலர் அம்மாவை வாசலில் நிறுத்தி அதட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அரிசியை அவர் செய்யவில்லை.

தலசீமியா, அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்கள் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இந்த அரிசியைக் கொடுப்பது நல்லது. அப்படி யாராவது இருந்தால் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்