பேட்டரியை மாற்றும் முன் ஒரு தடவை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பிள்ளைகளுக்கு சின்ன டர்ட் பைக் (மண் பாதையில் ஓட்டுகிற பைக்) வாங்கிக் கொடுக்கிற வீடுகளில் பனிக்காலம் வந்தால் ஒரே புகார்தான்: செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. உடனே பேட்டரி போச்சு என்று முடிவு செய்து புதுசு வாங்கி மாட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் அதுவும் படுத்துவிடுகிறது, அப்புறம் பைக்கே மட்டம் என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். என் மகளின் பைக்கையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பைக்குகளையும் பார்த்துக் கொடுக்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பல நேரம் கோளாறு பேட்டரியில் இல்லை. பேட்டரியிலேயே இருந்தாலும் அதைக் கெடுத்தது வேறு ஒன்றாக இருக்கும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை, நியூட்ரல் விளக்கும் எரியவில்லை என்றால் ஃபியூஸையும் டெர்மினலையும் (பேட்டரியில் வயர் மாட்டுகிற முனை) பாருங்கள். விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச்) ஆஃபில் இருக்கலாம். சில மாடல்களில் பிரேக்கைப் பிடித்தால்தான் அல்லது நியூட்ரலில் இருந்தால்தான் செல்ஃப் வேலை செய்யும், பிள்ளைக்கு அது ஞாபகம் இருக்காது. டக் டக் என்று ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) மட்டும் அடித்தால் ஒன்று பேட்டரியில் தெம்பு இல்லை, இல்லையென்றால் இணைப்பு சரியில்லை. செல்ஃப் நன்றாக வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். இந்தக் கடைசி வகையில்தான் நம் மலைக்காரர்கள் அதிகமாக ஏமாறுகிறோம்.

காரணம் இதுதான். பைக்கை கோயம்புத்தூரில் வாங்கி மேட்டுப்பாளையம் வழியாக மேலே ஏற்றி வருகிறோம். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டியில் சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்று மெலிசு, ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டர் கீழே செட் செய்தபடியே பெட்ரோலை விடுகிறது. கலவையில் பெட்ரோல் கூடிப்போய் பிளக் கரி பிடிக்கும், எஞ்சின் பிடிக்க நேரமாகும், பிள்ளை பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். செல்ஃப் மோட்டார் இழுக்கிற கரண்ட் கொஞ்சநஞ்சம் இல்லை, இந்த பைக்குகளில் இருப்பதோ 3 முதல் 5 ஆம்பியர்-மணி வரையிலான குட்டி பேட்டரி. சீக்கிரமே காலியாகிவிடும். இதற்கு மருந்து புது பேட்டரி இல்லை, பிளக்கைச் சுத்தம் செய்து கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை (காற்றின் அளவைத் திருத்துகிற திருகு) இந்த உயரத்துக்குச் சரி செய்வது, தேவைப்பட்டால் சின்ன ஜெட் (பெட்ரோல் வருகிற துளை) போடுவது. குளிரும் சேர்ந்துகொள்கிறது. தலைகுந்தா, அவலாஞ்சி பக்கம் உறைபனி விழுகிற காலையில் லெட் ஆசிட் பேட்டரி முழு பலத்தைக் கொடுக்காது, எஞ்சின் ஆயிலும் கெட்டியாக இருக்கும். அந்த நேரத்தில் கிக்கர் இருக்கிற பைக் என்றால் கிக்கரிலேயே முதல் தடவை எடுங்கள். பட்டனை அழுத்தினாலும் ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம், விட்டுவிட்டு கொஞ்ச நேரம் கழித்து அழுத்துங்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கிறது. பைக் வைத்திருக்கிற வீட்டில் அது அவசியம் இருக்க வேண்டும் என்பேன். ராத்திரி முழுக்க சும்மா நின்ற பைக்கின் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜில் இருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. அப்புறம் மீட்டரை வைத்துக்கொண்டே செல்ஃபை அழுத்துங்கள், முழு சார்ஜில் இருந்தும் 9.5-க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டும். வண்டி ஓடும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள்: 13.5 முதல் 14.5 வரை ஏறினால் சார்ஜ் ஆகிறது. ஏறவே இல்லை என்றால் கரண்ட் உண்டாக்குகிற காயிலோ அதை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றுகிற ரெக்டிஃபையரோ வேலை செய்யவில்லை, எத்தனை புது பேட்டரி போட்டாலும் வீண். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் போய்விட்டது, அது பேட்டரியைப் பொசுக்கிவிடும்.

இன்னொன்று ஈரம். இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள ஊரில், தகரக் கொட்டகையில் நிற்கிற பைக்கின் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். எர்த் வயர் சேஸிஸில் சேருகிற இடத்தையும் மறக்காமல் பாருங்கள், மழையில் நனைந்த பைக்கில் அங்கேதான் துரு ஏறும். பார்க்கச் சொன்னவர்கள் வீட்டில் பல தடவை இதிலேயே செல்ஃப் எடுத்துவிட்டது.

பிள்ளைகள் ஓட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைக்க லிமிட்டர் திருகை முடுக்கி வைத்திருப்போம், அது சரியான காரியம்தான், ஆனால் மெதுவாகப் பத்து நிமிடம் ஓட்டி, நடுவில் நாலு தடவை நிறுத்தி எடுத்தால் செலவான சார்ஜ் திரும்ப ஏறாது. சொந்த நிலத்தில் மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்பதால் தூரமும் கிடைக்காது. (2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர்கள் பொதுச் சாலையில் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு, அதனால் தோட்டத்து ரோடுதானே என்று ஊர்ச் சாலைக்கு அனுப்பாதீர்கள்.) ஆகவே மாதம் ஒரு தடவையாவது வெளியில் இருந்து சார்ஜ் போடுங்கள். பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும், 4 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர். கார் சார்ஜரை மாட்டினால் சூடாகி உப்பிவிடும். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜர்தான், அதுவும் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது, வீட்டுக்குள் கொண்டுவந்து வெதுவெதுப்பானதும் போடுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிட் ஊற்றித் தயார் செய்கிற பேட்டரியை ஊற்றிய கையோடு விற்றுவிடாதீர்கள். சற்று ஊறவிட்டு, முதல் சார்ஜை முழுதாக ஏற்றித்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அதன் முழு கொள்ளளவு கடைசிவரை வராது. அவசரத்தில் அப்படியே கையில் கொடுத்துவிடுகிற கடையில் வாங்கியவர்கள்தான் மறுபடி மறுபடி பேட்டரி வாங்குகிறார்கள். ஆசிட் ஊற்றிய தேதியையும் சார்ஜ் போட்ட தேதியையும் பில்லில் எழுதிக் கொடுங்கள், வாங்குகிறவர்களும் கேட்டு வாங்குங்கள். பழைய பேட்டரியைக் கடைக்காரர்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது என்று 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளே சொல்கின்றன, ஓடையோரத்தில் வீசினால் அந்த ஈயமும் ஆசிட்டும் நாம் குடிக்கிற தண்ணீரில்தான் கலக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி